ஐம்பத்திரண்டு குறைந்த மாதம்

பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி. வயது நாற்பத்து மூன்று. படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. தொழில், கிராம வங்கியின் சிறு சேவை முகப்பில் முகவர். இந்த மாதம் ஆறாம் தேதியிலிருந்து அதுவும் இல்லை. கணவர் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரே மகள், கட்டிக்கொடுத்தாயிற்று. ஊரில் என்னைச் 'சின்ன பேங்க் அக்கா' என்பார்கள், சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்கு வழி காட்டத் தெரியாது.

இந்த வாக்குமூலத்தை என் சொந்த விருப்பத்தில் கொடுக்கிறேன். யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வேகமாகிவிடும், எழுதுகிற காவலர் இரண்டு முறை மெதுவாகச் சொல்லச் சொன்னார், அதன்படி மெதுவாகச் சொல்கிறேன்.

வங்கி என் மேல் கொடுத்துள்ள புகாரில், கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஐம்பத்திரண்டு போலிப் பரிமாற்றங்கள் செய்தேன் என்றும் அதில் நூற்று நான்கு ரூபாய் கமிஷன் பெற்றேன் என்றும் இருக்கிறது. ஐம்பத்திரண்டு செய்தது நான்தான். நூற்று நான்கு என் கணக்கில் விழுந்ததும் உண்மை. ஆனால் அந்த ஐம்பத்திரண்டால் எங்கள் ஊர்க் கொத்தனாருக்கு இரண்டு காலும் போய்விட்டது, அது புகாரில் ஒரு வரி கூட இல்லை. நூற்று நான்கைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதத் தெரிந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அதையும் எழுத வேண்டும் என்று கேட்டேன். வரிசைப்படி சொல்லுங்கள், அந்த இடம் வரும்போது எழுதுகிறேன் என்று விசாரணை அதிகாரி சொன்னார்.

எங்கள் ஊருக்கு வங்கிக் கிளை கிடையாது. கிளை இருப்பது டவுனில், இருபத்தாறு கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். ஐந்நூறு எடுக்கப் போனாலும் ஒரு நாள் கூலி போய்விடும். மூன்று வருடத்துக்கு முன்பு, கிராம வங்கிகள் பொது இடங்களில் சிறு சேவை முகப்பு திறக்கலாம் என்று விதி வந்திருப்பதாகக் கிளையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், அதை நான் பார்த்தேன். டீக்கடையிலோ வீட்டிலோ வைக்கக் கூடாது, பள்ளிக்கூடம், நூலகம், சமுதாயக் கூடம் போன்ற இடமாக இருக்க வேண்டும், வாடகை கேட்கக் கூடாது, ஜன்னலுக்குக் கம்பி வேண்டும், பணப்பெட்டி சுவரோடு பதித்திருக்க வேண்டும், கைரேகை மெஷின் வாசலைத் தாண்டக் கூடாது, முகவராக இருப்பவர் கடன் பாக்கி இல்லாதவராக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கடன் பாக்கி இல்லாத ஆள் எங்கள் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படி அகப்பட்டவள் நான்.

அதன் பிறகு ஏழு முறை கிளைக்கு நடையாய் நடந்து, சமுதாயக் கூடத்துக் கமிட்டிக்காரர்களின் காலில் விழாத குறையாகக் கேட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைக்கும் பக்கத்து அறையை முகப்புக்காகப் பெற்றேன். அந்த அறையில் பாதி இப்போதும் நாற்காலிகள்தான், கூரை வரை இருக்கும். ஜன்னல் கம்பியையும் சுவரில் பணப்பெட்டியையும் பதித்துக் கொடுத்தவர் மேலே சொன்ன கொத்தனார். கூலி எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, "எங்க காசத்தானேக்கா உள்ள வெக்கப் போறீங்க, அது பத்திரமா இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கவில்லை.

கொத்தனாருக்கு வயது முப்பத்தெட்டு இருக்கும். அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். குழந்தைகள் இல்லை. கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. முகப்பு திறந்த அன்று முதல் கணக்கு அவள் பெயரில்தான் போட்டேன். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்து கட்டுவாள், இருநூறோ முந்நூறோ, சில வாரம் ஐம்பது. ஒரு சின்ன மனை வாங்கி வைத்திருந்தார்கள், அதில் வீடு கட்டுவதற்கு. "ஊருக்கெல்லாம் வீடு கட்டறவன் வாடகை வீட்ல கெடக்கறேன்னு சிரிக்கறாங்கக்கா" என்று கொத்தனார் சொல்வார், சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். சம்பவம் நடந்தபோது அந்தக் கணக்கில் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் இருந்தது. டவுன் கிளையில் பழைய சீட்டுப் பணம் போட்டதும் அதில் சேர்த்தி.

முகப்புக்கு இன்னொரு விதி உண்டு. மாதத்துக்கு இருநூறு பரிமாற்றமாவது நடக்க வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் குறைந்தால் முகப்பை எடுத்துவிடுவார்கள். முதல் இரண்டு வருடம் அந்தக் கவலையே இல்லை, முந்நூறு நானூறு என்று போகும். அதன் பிறகு ஊருக்குக் கிழக்கே இருந்த செங்கல் சூளை இரண்டையும் மூடினார்கள். அதில் வேலை செய்த குடும்பங்கள் சாமான் சட்டியோடு வெளியூர் போய்விட்டன. ஒரு மாதம் நூற்று எழுபத்தொன்று வந்தது. அடுத்த மாதம் நூற்று அறுபத்தாறு. மூன்றாவது மாதம் இருபத்தேழாம் தேதி மாலை நான் நோட்டில் எண்ணிப் பார்த்தபோது நூற்று நாற்பத்தெட்டு. மூன்று நாள்தான் பாக்கி.

அன்று மாலையே கிளையின் மேற்பார்வையாளர் வந்தார். என்ன வெயில் அடித்தாலும் டை கட்டிக்கொண்டுதான் ஸ்கூட்டரில் வருவார், ஊரில் அவரை டை சார் என்பார்கள். அவரிடம் என் நோட்டைக் காட்டினேன்.

"இந்த மாசமும் எரநூறு வரலேன்னா மெஷினை எடுத்துட்டுப் போயிடுவேன்க்கா. என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

"வயசானவங்க, கைக்கொழந்தக்காரங்க எல்லாம் டவுனுக்கு எப்படி சார் போவாங்க?" என்று கேட்டேன்.

"முன்னாடி எப்படி போனாங்களோ அப்படித்தான்" என்றார். பிறகு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, "எத்தனை தடவைன்னுதான் பாப்பாங்க, எவ்ளோ காசுன்னு யாரும் பாக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இப்படிச் செய்யச் சொன்னாரா என்று அதிகாரி என்னைக் கேட்டார். சொல்லவில்லை. நான் அப்படி எடுத்துக்கொண்டேன். அவர் தலையில் போட்டு நான் தப்பிக்க விரும்பவில்லை. ஊருக்காக மட்டும் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். மகள் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை, என் கணவர் பட்டறையிலிருந்து வந்தால் டிவிக்கு முன்னால் தூங்கிவிடுவார். அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் நாலு பேர் அக்கா அக்கா என்று வருவார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. அதை இழக்கப் பயந்தேன்.

மறுநாள் இருபத்தெட்டாம் தேதி காலை முதலில் வந்தவர் மாவு மில்காரர். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, "பத்து போட்டுட்டு அதே பத்தை எடுத்துக்கங்கண்ணே, ரெண்டு கணக்காயிடும்" என்றேன். அவர் விரலில் மாவு ஒட்டி மெஷின் ரேகையை எடுக்கவில்லை, சட்டையில் துடைத்து துடைத்து நாலாவது தடவை எடுத்தது. அதன் பிறகு அவரே கடைத்தெருவில் சொல்லிவிட்டார். மாதக் கடைசியானதால் அந்த மூன்று நாளில் நிஜக் கணக்கு ஒன்றும் விழவில்லை, இதற்காக மட்டும் பத்துப் பேர் வந்தார்கள், சிலர் இரண்டு மூன்று முறை செய்தார்கள். என்னிடம் சில்லறை நோட்டு அதிகம் இல்லாததால் ஒரே பத்து நோட்டுதான் ஜன்னலுக்கு உள்ளே வெளியே போய்க்கொண்டிருந்தது. இதில் யாருக்கும் ஒரு காசு லாபம் கிடையாது. வரிசையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வங்கி வேலையில் ஜனங்கள் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

முப்பதாம் தேதி மாலை நாலு மணிக்கு இன்னும் எட்டு குறைந்தது. மெஷின் ஐந்து மணிக்குத் தானாக நின்றுவிடும். செய்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு நான் கொத்தனார் மனைவிக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். அவளாக வரவில்லை, நான்தான் கூப்பிட்டேன், இதை எழுதிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மறுநாள் நூறு சட்டை கொடுக்க வேண்டிய அவசரத்தில் இருந்தவள், கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே ஓடி வந்தாள்.

"உங்களுக்காக வந்தேன்க்கா. இந்த நேரத்துக்கு நாலு காலர் தெச்சிருப்பேன்" என்றாள்.

நாலு முறை போட்டு நாலு முறை எடுத்தாள். அப்போது கொத்தனார் வேலை முடிந்து அந்த வழியாக வந்தார். முழங்கால் வரை சிமென்ட். உள்ளே வந்து அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து போடறா, பத்து எடுக்கறா. இதுக்குப் பேர்தான் பேங்காக்கா? நான் கட்டுன சுவத்தை நானே இடிச்சா எனக்கு யாரு கூலி குடுப்பா?" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். நாலு ஐம்பதுக்கு என் நோட்டில் இருநூறு ஆனது. "போதுமாக்கா?" என்று கேட்டாள். போதும் என்றேன். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து போனார்கள்.

அடுத்த மாதம் நாலாம் தேதி காலை பதினோரு மணிக்கு, கடைத்தெருவில் கட்டிக்கொண்டிருந்த இரண்டு மாடிக் கட்டடத்தின் சாரம் சரிந்து கொத்தனார் கீழே விழுந்தார். மேஸ்திரி வேன் பிடித்து நகரத்துப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இடுப்புக்கு மேலே முதுகெலும்பு நொறுங்கி நரம்பை அழுத்துகிறது, உயிருக்கு ஆபத்து இல்லை, உடனே ஆபரேஷன் செய்து அழுத்தத்தை எடுத்தால் கால் வர வாய்ப்பு இருக்கிறது, நாள் போகப் போக அது குறையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உள்ளே வைக்கும் தகடுக்கும் திருகாணிக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் முதலில் கட்ட வேண்டும். காசு இருக்கிறது என்று கொத்தனார் மனைவி தைரியமாகச் சொல்லிவிட்டு, மறுநாள் ஐந்தாம் தேதி காலை பஸ்ஸில் என்னிடம் வந்தாள். முகம் கழுவக்கூட இல்லை. "ஆஸ்பத்திரி கணக்குக்கு அனுப்பிடுங்கக்கா, மத்தியானமே உள்ள எடுத்துட்டுப் போறாங்களாம்" என்று விரலை வைத்தாள்.

'கணக்கு இடைநிறுத்தம், கிளையை அணுகவும்' என்று மெஷினில் வந்தது. விரலைத் துடைத்து மறுபடி வைத்தாள். அடுத்த விரலை வைத்தாள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம்.

அதன் பிறகு நான் கூடத்துக்கு வெளியே போய் டை சாருக்கு போன் செய்தேன். அவர் விசாரித்துவிட்டு அரை மணி கழித்துக் கூப்பிட்டு, "பதினோரு கணக்கை நிறுத்தியிருக்காங்கக்கா. திரும்பத் திரும்ப போட்டு எடுத்திருக்குன்னு ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் புடிச்சிருக்கு. திருட்டுப் பணத்தை இப்படித்தான் சுத்த விடுவாங்களாம். என்ன பண்ணி வெச்சீங்க?" என்றார்.

நான் உள்ளே வந்து அவளிடம், மெஷின் கோளாறு, நாளைக்குச் சரியாகிவிடும் என்றேன். பொய் சொன்னேன். அன்று ஒரு நாள் அதில் போனது. அன்று மாலை அவளே போன் செய்து டாக்டர் திட்டுகிறார் என்று அழுதபோதுதான் உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு காலையில ரெண்டு பேரும் பேங்க்குக்குப் போயிடலாம்க்கா" என்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறாம் தேதி கிளைக்குப் போனோம். மேலாளரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாள். அவர் நல்லவர்தான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நிறுத்தியது தலைமை அலுவலகம், திறப்பதும் அவர்கள்தான், முகவர் எழுத்தில் விளக்கம் கொடுத்தால் அனுப்பி வைக்கிறேன், ஏழு வேலை நாள் ஆகும் என்றார். நான் வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நடையில் டை சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையை எழுதுனா முகப்பு போச்சு, என் வேலையும் போச்சு. ஜனங்களுக்கு மெஷின் பழக்கிவிட பயிற்சி குடுத்தேன்னு எழுதுங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றார்.

அப்படியே எழுதினேன். எழுதும்போது அவள் என் பக்கத்தில், ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்திலும் என் புத்தி முகப்பு போய்விடுமே என்றுதான் ஓடியது. என்னை எதற்காகத் தண்டிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் அந்தத் தாளைத்தான் காட்டுவேன். அது வங்கிக் கோப்பில் இருக்கிறது, ஏழாம் பக்கம்.

அதன் பிறகு ஒன்பதாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பயிற்சிக்கு அனுமதி கொடுத்தது யார், பயிற்சி பெற்றவர்களின் கையெழுத்துப் பட்டியல் எங்கே, பயிற்சி ஏன் மாதக் கடைசி மூன்று நாளில் மட்டும் நடந்தது என்று கேட்டிருந்தார்கள். டை சார் முகத்தில் ஈயாடவில்லை. நடுவில் இரண்டு நாள் விடுமுறை. பன்னிரண்டாம் தேதி நான் யாரையும் கேட்காமல் நடந்ததை நடந்தபடி நாலு பக்கம் எழுதி மேலாளர் மேஜையில் வைத்தேன். ஏழு வேலை நாள் அன்றிலிருந்து மறுபடி ஆரம்பம் என்றார்கள்.

அந்த நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. என் வளையல் நாலையும் தோட்டையும் அடகு வைத்தேன். என் கணவர் பட்டறையில் முன்பணம் வாங்கினார். மாவு மில்காரரும் மேஸ்திரியும் கொடுத்தார்கள். மில்காரருடைய கணக்கும் நின்றுதான் கிடந்தது, அவர் கடைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து நாற்பத்தாறாயிரம் தேறியது. ஆஸ்பத்திரியில் அதைப் படுக்கைக்கும் மருந்துக்கும் வரவு வைத்துக்கொண்டார்கள். இலவச ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கேட்டதற்கு, இந்த நிலையில் வண்டியில் ஏற்றினால் நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கப் பார்த்தார்கள், இவள் பயந்துவிட்டாள்.

ஒவ்வொரு நாள் மாலையும் ஐந்து மணிக்குப் போன் வரும். "இன்னிக்கு வந்துச்சாக்கா?" என்பாள். இல்லை என்பேன். சரிக்கா என்று வைத்துவிடுவாள். ஒரு நாள் அவள் கையிலிருந்து போனை வாங்கிக் கொத்தனார் பேசினார். "காலு ரெண்டும் இருக்கா இல்லையான்னு இவளைக் கேட்டுத்தான்க்கா தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. இவ இருக்குங்கறா, நானும் நம்பறேன்" என்று சொல்லிச் சிரித்தார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்காலி அடுக்குக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வெளியே ஒரு அம்மா பாஸ்புக்கோடு காத்துக்கொண்டிருந்தார்.

இருபத்தொன்றாம் தேதி காலை கணக்கைத் திறந்தார்கள். அரை மணியில் பணம் போய்ச் சேர்ந்தது. இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன் நடந்தது. அவர் விழுந்து பதினெட்டாவது நாள். அதன் பிறகு டாக்டர் என்னையும் அவளையும் கூப்பிட்டு, முன்னாடியே செய்திருந்தால் கட்டாயம் நடந்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் முன்னாடியே செய்திருக்க வேண்டும் என்றார். இப்போது இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. சிறுநீர் போவதும் தெரியவில்லை.

கொத்தனார் இப்போது வாடகை வீட்டில் கட்டிலில் இருக்கிறார். புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவள் தையல் மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறாள், தைக்கிறாள், எழுந்து புரட்டுகிறாள், மறுபடி தைக்கிறாள். மனையை விற்றுவிட்டார்கள். நான் சமைத்து எடுத்துக்கொண்டு போனால் வாங்கிக்கொள்வாள், உட்காரச் சொல்வாள். நான் கட்டில் பக்கம் பார்க்காமல்தான் உட்காருவேன்.

இந்த மாதம் ஆறாம் தேதி டை சாரும் இன்னும் இரண்டு பேரும் வந்து மெஷினையும் பெயர்ப்பலகையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்தாம் தேதி வங்கி புகார் கொடுத்தது. எங்கள் ஊர் ஜனங்கள் பழையபடி காலை பஸ்ஸில் போகிறார்கள்.

இதற்கு மேல் சொல்லப்போவது நேற்று மாலை இந்த நிலையத்தில் நடந்தது. வங்கி தன் புகாரோடு சிறு சேவை முகப்புகளுக்கான விதிகளையும், அவற்றில் அவ்வப்போது வந்த திருத்தங்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. நான் மீறியது எந்த விதி என்று பார்ப்பதற்காக அதிகாரி அதை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"கிளையிலேருந்து உங்க முகப்பு எவ்ளோ தூரம்?" என்று கேட்டார்.

இருபத்தாறு கிலோமீட்டர் என்றேன். அதன் பிறகு ஒரு பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். கிளையிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் உள்ள முகப்புகளுக்கு மாதம் இருநூறு என்ற விதி இனிப் பொருந்தாது, எண்ணிக்கை குறைந்தாலும் அவற்றை எடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார், நானே படித்தேன். நான் பத்து நோட்டைச் சுற்றவிட்ட மாதத்துக்கு முந்தின மாதம் ஒன்பதாம் தேதி போட்ட உத்தரவு அது. பன்னிரண்டாம் தேதி கிளைக்கு வந்து சேர்ந்ததாக முத்திரை இருந்தது. பக்கத்தில் டை சாருடைய சுருக்கொப்பம்.

இது எனக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அதன் பிறகு அவர் என் எதிரிலேயே டை சாருக்குப் போன் செய்து கேட்டார். வாரத்துக்கு நாற்பது தாள் வருது சார், கையெழுத்துப் போட்டு வெச்சிருப்பேன், படிக்கலை என்று அவர் சொன்னதாக அதிகாரி சொன்னார். நான் அதை நம்புகிறேன். அவர் வேண்டுமென்று மறைக்கவில்லை. தெரிந்திருந்தால் அந்த வெயிலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என்னை மிரட்ட வந்திருக்க மாட்டார். யார் மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தேன், எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

இன்று காலை, பத்து போட்டு எடுத்த பதினோரு பேரில் ஒருத்தி என்ற முறையில் கொத்தனார் மனைவியைச் சாட்சி சொல்ல வரச் சொல்லியிருந்தார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மேலே சொன்ன உத்தரவைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம் என்று அதிகாரியைக் கேட்டேன். வழக்கு நடக்கும்போது எப்படியும் வாசிப்பார்கள் என்றார். அப்படியானால் நானே சொல்லிவிடுகிறேன் என்று கேட்டு, அனுமதி வாங்கி, பெண் காவலர் ஒருவர் கூட இருக்க வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. இருநூறு என்ற கணக்கே நமக்கு இல்லை என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு, "அப்ப அன்னிக்கு நான் வந்திருக்கவே வேண்டாமாக்கா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா" என்றாள். "யாராவது உங்களைத் தப்பா பேசுனா விடறதில்ல. ஊருக்கு ஒரு பேங்க் நிக்கணும்னுதானே செஞ்சோம், நின்னுச்சுல்லன்னு சொல்லிட்டுக் கெடக்கறாரு. மெஷினை எடுத்துட்டுப் போனதையே நான் இன்னும் சொல்லல."

மேலே கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. திருத்த வேண்டியது எதுவும் இல்லை, எல்லாம் நடந்தவை. பொய் சொன்ன இடங்களைப் பொய் என்றே சொல்லியிருக்கிறேன். நீதிமன்றத்தில் இது வாசிக்கப்படும் நாளில் கொத்தனாரை அங்கே தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, இதில் என் கையெழுத்தை இடுகிறேன்.

(ஒப்பம்)